எந்த மஞ்சள்

கீழ்த்தளம்,
பிப்ரவரி 3

அன்புள்ள கோணலுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் 'ம்' என்பாய். அதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். போனில் நாம் இருவரும் மாற்றி மாற்றி 'ம்' கொட்டுவதைக் கேட்கிறவர்கள், இவர்களுக்குக் கதை சொல்கிறவர் எங்கே போனார் என்று தேடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தாளை எடுத்துவிட்டால் ஒரு பக்கமாவது நிரப்பித்தானே ஆக வேண்டும்.

ஆபீஸ் நடக்கிறது. ஆபீஸ் என்றால் நானும் இரண்டு மேசையும்தான். ஒரு மாடி அறை, ஒரு குளியலறை மாற்றம், ஒரு வீட்டுக்குப் படிக்கட்டைத் திருப்பிப் போடும் வேலை. புருஷன் எங்கே என்று கேட்கிறவர்களிடம் "சைட்டுக்குப் போயிருக்கார்" என்கிறேன். பொய்யில்லையே.

ஒரு தப்பு நடந்துவிட்டது. நீ வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

டைப்பிஸ்ட் அம்மாவின் வீடு ஞாபகம் இருக்கும். நீ போவதற்கு முன் நாம் சேர்ந்து அளவெடுத்த கடைசி வீடு. சமையலறைக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவே ஒரு சுவர். அதில் தட்டு நகர்த்துகிற அளவுக்கு ஒரு திறப்பு, இரண்டு குட்டி மரக்கதவுகளோடு. அந்தச் சுவரை எடுத்துவிட்டால் பின்பக்க வெளிச்சம் வாசல்வரை வரும் என்று நான் முதல் நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றே ஓட்டிக்கொண்டிருந்தார். சரி, பிளானின் நகல் தருகிறேன், மனதில் இருப்பதைக் குறித்துக் கொடுங்கள் என்றேன். திரும்பி வந்த தாளில் அந்தச் சுவர் முழுக்க மஞ்சள்.

கறுப்பு என்றால் இருப்பது, சிவப்பு என்றால் புதிதாகக் கட்டுவது, மஞ்சள் என்றால் உடைப்பது. கல்லூரியில் முதல் வருடமே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். நம் வீட்டில் பேச்சே அப்படித்தான். ஒட்டிக்கொண்டு நகராத விருந்தாளிகளைப் பார்த்து "மஞ்சள் போட்டுடலாமா?" என்று நீ என் காதில் கேட்பாய். அந்த அம்மா கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொத்தனாரிடம் கொடுத்தேன்.

வேலை நடக்கும்போது அவர் தங்கை வீட்டில் இருந்தார். வந்து பார்த்தபோது சுவர் இல்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான்தான் மஞ்சள் போட்டுக் கொடுத்தேனேம்மா" என்றார்.

"மஞ்சள் போட்டதாலதானேம்மா உடைச்சோம்."

"ஐயோ, முக்கியமானதுக்குத்தானே மஞ்சள் போடுவாங்க? படிக்கிறப்ப புத்தகத்துல போடுவோமே, அதுமாதிரி." கைப்பையைத் திறந்து அந்தப் பேனாவை எடுத்துக் காட்டினார். கோடு போட்டால் பளிச்சென்று தெரியும் பேனா. நான் நம்பவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவர் வீட்டுக்காரர் இருந்தவரை சண்டையெல்லாம் அந்தத் திறப்பு வழியாகத்தானாம். கோபம் வந்தால் இவர் இந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுவார். இவர் திறக்கும்வரை தட்டுவார். இதைச் செங்கல் குப்பைக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொத்தனார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். பொடிசைப் பறிகொடுத்த நாளிலிருந்து இப்படித்தான். அவளுக்கே சரியாக அழாத அம்மா ஒரு சுவருக்கா அழப்போகிறாள்? உனக்கும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். இருவரும் அதைப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

மாடியில் அவள் அறைக் கூரை ஒழுக ஆரம்பித்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாய். முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. உன் மேசைமேல் தூசி படியாமல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறார்கள். எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
மேஸ்திரி


சைட் ஆபீஸ்,
பிப்ரவரி 16

அன்புள்ள மேஸ்திரிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். 'ம்' என்று எழுதலாம் என்று பார்த்தேன், நீ முந்திக்கொண்டாய்.

டைப்பிஸ்ட் அம்மா விஷயம் படித்தேன். வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று புரிகிறது. மனதை விட்டுவிடாதே. நம் தொழிலில் எல்லோருக்கும் ஒரு சுவர் உண்டு. உடனே திரும்பக் கட்டிக் கொடு. உடைத்த செங்கலில் முழுசாகத் தேறியதைப் பொறுக்கி அதையே வை. மரக்கதவுகளைக் குப்பையில் போட்டுவிடாமல் இருந்தால் நல்லது. திறப்பின் உயரத்தை நாம் எடுத்த அளவிலிருந்து போடாதே. அந்த அம்மாவை அங்கேயே நிற்க வைத்து, தட்டு கொடுப்பதுபோல் கையை நீட்டச் சொல். கை நிற்கிற இடத்தில் கோடு போடு. வீட்டுக்காரர்களை அந்தந்த இடத்தில் நிற்க வைத்துக் கேட்டால்தான் சரியான பதில் வரும். உட்கார வைத்து, காபி கொடுத்து, பிளானைக் காட்டிக் கேட்டால் நாம் விரும்புவதைத்தான் சொல்வார்கள். இது உனக்குத் தெரியாததல்ல. பக்கம் நிரம்ப வேண்டுமே என்று எழுதுகிறேன்.

இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. எல்லா வீடும் ஒரே வீடு. கதவுக்கு ஒரு அளவு, ஜன்னலுக்கு ஒரு அளவு. கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துப் போடுகிறோம். சாவியை எங்கே வைப்பீர்கள், துணி எங்கே காயும், மாமியாரால் படி ஏற முடியுமா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். யார் குடிவரப்போகிறார்கள் என்றே தெரியாது. நீ சிரிப்பாய். எனக்கு இது பிடித்திருக்கிறது. காலையில் போகிறேன், அதே சுவர். சாயங்காலம் வருகிறேன், அதே சுவர். கூட வேலை செய்கிறவர்களுக்கு என் பட்டப்பெயர் தெரியாது. கேண்டீனில் ஒரு படம் சாய்ந்து தொங்குகிறது. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். நிமிர்த்தவில்லை.

இங்கே வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

கூரைக்குத் தற்போதைக்கு ஒரு தார்ப்பாய் போடு.

அன்புடன்,
கோணல்


கீழ்த்தளம்,
மார்ச் 2

அன்புள்ள கோணலுக்கு,

கோணல் படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நம் கல்யாணத்தன்று மேடைப் பின்னணித் துணி சாய்ந்திருக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறினவன் நீ. உன் மாமனார் தலையில் அடித்துக்கொண்டு வைத்த பெயர் அது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்.

சுவர் எழுந்துவிட்டது. கதவுகள் தப்பித்தன, கொத்தனார் எதற்கோ ஆகும் என்று எடுத்து வைத்திருந்தார். நீ சொன்னதுபோல் அம்மாவை நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். கை நின்ற இடம் பழைய திறப்பைவிட நன்றாகவே கீழே. "அப்ப எனக்காக இல்ல போல, அவருக்குத் தோதா வச்சிருக்காங்க. நான்தான் இத்தனை வருஷம் எக்கிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சிரித்தார். எந்த உயரத்தில் வைக்கட்டும் என்று கேட்டேன். "பழைய உயரத்துலேயே வைம்மா. எக்கிப் பழகிடுச்சு."

முடிந்ததும் தடவிப் பார்த்தார். "இது அந்தச் சுவர் இல்ல. இருக்கட்டும், இதுவும் சுவர்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் போட்ட மஞ்சளைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று யோசித்தேன். எப்படித் தோன்றும்? அந்தச் சுவர் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். தாளில் அவர் சொன்னதைப் படிக்கவில்லை, எனக்கு வேண்டியதைப் படித்தேன். இத்தனை வருடமாக எத்தனை வீட்டில் இதைச் செய்திருக்கிறோமோ. அவர்கள் வாய் திறக்காமல் குடியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அதனால் ஆபீஸ் சட்டத்தை மாற்றிவிட்டேன். இனிமேல் இங்கே மஞ்சள் என்றால் 'இருக்கட்டும்'. உடைப்பதற்கு நீலம். கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கொத்தனார்தான் முறுக்கிக்கொள்கிறார். "மஞ்சளப் பார்த்து உடைச்சே பழகின கை. இப்ப மஞ்சளப் பார்த்தா சும்மா இருன்னா இருக்குமாம்மா?" என்கிறார். பழகிக்கொள்ளட்டும். நானே பழகிக்கொள்கிறேன்.

இப்போது நம் வீட்டு விஷயம்.

தார்ப்பாய் எல்லாம் கதைக்கு ஆகாது. பொடிசு அறையில் மூலைப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது, கம்பி தெரிகிறது. கொத்தனார் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, அறையை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த இடத்தைப் படிக்கட்டோடு திறந்துவிடுவது. வேலை சுலபம், வெளிச்சமும் வரும். இன்னொன்று, கூரையை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டுவிட்டு அறையை அப்படியே வைப்பது. வேலை அதிகம். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடுகிற அறை. அனுமதி வாங்கிய பிளானில் இன்றுவரை அதற்கு 'ஸ்டோர்' என்றுதான் பெயர். வேறு எதற்கு ஆகும்?

நீ ஒருநாள், உடைத்துவிடலாம், படிக்கட்டு இருட்டு போகும் என்றாய். அடுத்த வாரம் நான் கூட்டிப் பெருக்க உள்ளே போனபோது எதையும் நகர்த்தாதே என்று கத்தினாய். நீ கத்தி நான் கேட்டதே அந்த ஒரு தடவைதான். இதில் எதைக் கணக்கில் எடுப்பது?

என்னைக் கேட்காதே. தனியாக இந்த முடிவை எடுக்க மாட்டேன். மாடி பிளானின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கலர் போட்டு அனுப்பு. கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மேஸ்திரி


சைட் ஆபீஸ்,
மார்ச் 19

அன்புள்ள மேஸ்திரிக்கு,

காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பெரிய அதிகாரி மாறிவிட்டார். புதியவர் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், ஹெல்மெட்டைப் பார்ப்பார். வசதியாக இருக்கிறது. கிழக்குப் பக்கக் கட்டடத்தில் ஆறாவது மாடி முடியப்போகிறது. ஆறாவதும் ஐந்தாவதும் ஒன்றுதான், அதனால் எழுத ஒன்றுமில்லை. வெயில் ஏறிவிட்டது. கான்கிரீட்டைச் சாயங்காலத்தில் போடுகிறோம்.

நீ அனுப்பிய பிளானில் எழுத்தெல்லாம் என் கையெழுத்து. எப்போது எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

கலர் போட்டு வைத்திருக்கிறேன். மழைக்குள் முடித்துவிடு. சிமெண்ட் நல்லதாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
கோணல்


மாடி,
மார்ச் 28

அன்புள்ள கோணலுக்கு,

பிளான் வந்தது. பொடிசு அறையின் நாலு சுவருக்கும் மஞ்சள். கோட்டுக்கு வெளியே ஒரு நூல்கூட வழியவில்லை. அந்த விஷயத்தில் நீ மாறவேயில்லை.

எந்த மஞ்சள்?

பழைய மஞ்சள் என்றால் உடை. புது மஞ்சள் என்றால் இருக்கட்டும். சட்டத்தை மாற்றியதை எழுதிய அதே கடிதத்தில்தான் பிளானையும் வைத்தேன். அதைப் படித்திருந்தால் இது புது மஞ்சள். ஆனால் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. கடிதத்தைக் கடைசிவரை படித்தாயா, அல்லது பிளானை மட்டும் உருவிக்கொண்டாயா? புருஷனைக் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

கொத்தனார் கடப்பாரையோடு வந்துவிட்டார். தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சார் நம்ம பழைய கணக்குலதான் போட்டிருக்காரு, உடைச்சிடலாமா?" என்றார். வேண்டாம், கேட்டுச் சொல்கிறேன் என்று படியிலேயே மறித்தேன். "இதுல கேக்க என்னம்மா இருக்கு? ஒரு போன் போட்டா முடிஞ்சுது" என்றார். அவருக்கு எதிரிலேயே போட்டேன். "எழுதறேன்" என்று வைத்துவிட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை வாசலில் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, வருகிறவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா விஷயத்தில் செய்ததுபோல் எனக்கு வேண்டியதை இந்த மஞ்சளில் படித்துவிடலாம் என்றும் பார்த்தேன். தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருக்கட்டும் என்று படித்தால் 'சரி' என்று தோன்றியது. உடை என்று படித்தாலும் அதே 'சரி'. எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கோணல். இவ்வளவு நாளில் எனக்குப் பயம் என்று ஒன்று வந்திருக்கிறதே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறது.

இதை அவள் அறையிலிருந்துதான் எழுதுகிறேன். கூரைக்கு அளவெடுக்கலாம் என்று வந்தேன். ஜன்னல் பக்கத்தில் நின்றால் நம் வாசல்படி மட்டும்தான் தெரிகிறது. தரையில் உட்கார்ந்தேன். தெரு முழுக்கத் தெரிகிறது. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினில் குனிந்திருக்கிறார், அவர் பூனை மதில்மேல் படுத்திருக்கிறது. அவள் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வர வேண்டும் என்று அவளைச் சுவரோரம் உட்கார வைத்துத் தலைக்குப் பக்கத்தில் கோடு போட்டாயே, அந்த ஜன்னல். "வளர்ந்துட்டா என்னப்பா பண்றது?" என்று கேட்டாள். "வளர்ந்தா ஜன்னலையும் தூக்கிடலாம்" என்றாய். இங்கே உட்காரும்வரை இது எனக்கு மறந்தே போயிருந்தது.

நீ வா. கடிதத்தில் வேண்டாம், போனில் வேண்டாம். வந்து இந்த அறையில் நின்று வாயால் சொல். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து சொல். வீட்டுக்காரர்களை அந்தந்த இடத்தில் நிற்க வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு உபதேசம் செய்தாய் அல்லவா? இந்த வீட்டுக்கு நீதானே வீட்டுக்காரர்.

உடை என்று நீ சொன்னால் உன் பக்கத்தில் நின்று உடைப்பேன். இருக்கட்டும் என்றால் சேர்ந்து கூட்டிப் பெருக்கலாம். எனக்கு இரண்டும் சம்மதம். தனியாகச் செய்வது மட்டும் சம்மதமில்லை.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேஸ்திரி


சைட் ஆபீஸ்,
ஏப்ரல் 24

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்வேன், தேதி போடுவேன், எழுந்துவிடுவேன்.

எந்த மஞ்சள் என்று கேட்டாய். தெரியவில்லை.

மழுப்பவில்லை. உன் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன். சட்டம் மாறியதும் தெரியும், நீலம் என்றால் உடைப்பது என்பதும் தெரியும். பென்சில் டப்பாவில் நீலமும் இருந்தது. தாளை விரித்தேன், கை மஞ்சளை எடுத்தது, அந்த அறைக்குப் போட்டது. மாடியில் வேறு எதற்கும் போட வேண்டும் என்று தோன்றவில்லை. போட்டு முடித்துவிட்டுப் பார்த்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மடித்து உறையில் வைத்துவிட்டேன். போனில் நீ கேட்டபோதும் அதேதான். சொல்ல ஒன்றுமில்லாததால்தான் எழுதுகிறேன் என்றேன்.

நான் இங்கே வந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இங்கே எதுவும் உறைப்பதில்லை. உறைக்காமல் இருப்பதற்குப் பழகிவிட்டேன். அந்த அறையில் வந்து நின்றால் உறைத்துவிடும். நின்றும் உறைக்காமல் போய்விட்டால் அது இன்னும் மோசம். இரண்டுக்கும் என்னிடம் தெம்பு இல்லை. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரிதான்.

நீயே முடிவு செய். நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். உன் கண் என் கண்ணைவிட எப்போதும் நன்றாகத்தான் பார்த்திருக்கிறது.

இன்னொரு விஷயம். இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். குடியிருப்பும் தருகிறார்கள். நீயும் வேண்டுமானால் வரலாம். இரண்டு அறை. ஜன்னல்கள் எல்லாம் சரியான உயரத்தில் இருக்கின்றன.

அன்புடன்,
கோணல்


மாடி,
மே 28

அன்புள்ள கோணலுக்கு,

மழை வந்துவிட்டது. இந்த வருடம் கொஞ்சம் முன்னாலேயே. நல்லவேளை, கூரை வேலை அதற்கு முன் முடிந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, கூரையை மட்டும் வெட்டுங்கள், சுவரில் கை வைக்காதீர்கள் என்றேன். "அப்ப சார் புது மஞ்சள்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டார். "சார் எதுவும் சொல்லல. நான் சொல்றேன்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஏறினார். தனியாக இந்த முடிவை எடுக்க மாட்டேன் என்று உனக்கு எழுதியவள்தான். எடுத்துவிட்டேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் எடுத்துவிட்டேன்.

நேற்று முதல் மழை. ஒழுகுகிறதா என்று பார்க்க அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தேன். ஒழுகவில்லை. தையல்காரர் மெஷினை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பூனை நனைந்துகொண்டே மதில்மேல் நடந்து வந்து, இந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு நின்றது. யாரையோ தேடுகிற மாதிரி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, கதறிவிட்டேன். உனக்கும் இது ஒருநாள் வரும். வரும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அது நானாக இருக்க முடியாது போலிருக்கிறது.

டைப்பிஸ்ட் அம்மா போன வாரம் வந்தார். சமையலறைத் திறப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "திறந்தேதாம்மா வச்சிருக்கேன். சாத்தினா யாராவது தட்டணுமில்ல?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் உன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாளாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், கோணல். அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறது, மூச்சு கேட்கிறது. திறக்க மட்டும் கை வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தட்டியிருப்பேன்.

குடியிருப்புக்கு நான் வரவில்லை. ஜன்னல்கள் சரியான உயரத்தில் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். யாருக்குச் சரியான உயரம்? நிரந்தர வேலையை எடுத்துக்கொள். உனக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன், குத்திக்காட்டிச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் புதிதாகப் பிளான் வரைந்துவிட்டேன், இரண்டு தாள். ஆளுக்கொரு நகல் இருக்கட்டும் என்று இதோடு அனுப்புகிறேன். மாடித் தாளில் அந்த அறைக்கு எந்த மஞ்சளும் இல்லை. மற்ற சுவர்களைப் போலக் கறுப்புக் கோடுதான். இருப்பது, அவ்வளவுதான். 'ஸ்டோர்' என்பதை எடுத்துவிட்டுப் 'பொடிசு அறை' என்று எழுதியிருக்கிறேன். அனுமதி ஆபீசில் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் ஸ்கேல், பேனா, கழுத்து ஆடுகிற விளக்கு, எல்லாவற்றையும் துணி சுற்றிப் பார்சலில் போட்டிருக்கிறேன். போர்வையைத் துவைத்து அதையும் வைத்திருக்கிறேன், அங்கே குளிர்காலத்துக்கு ஆகும். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கேண்டீன் படத்தை ஒருநாள் ஏறி நிமிர்த்திவிடு, எனக்காக.

கீழ்த்தளத் தாளில் ஜன்னலோரம் உன் மேசை இருந்த இடத்துக்கு மஞ்சள் போட்டிருக்கிறேன். எது என்று தெரியாமல் நான் தவித்ததுபோல் நீ தவிக்க வேண்டாம். பக்கத்திலேயே எழுத்தில் எழுதிவிட்டேன். பழைய மஞ்சள்.

இப்படிக்கு,
மேஸ்திரி